காலியாக விட்ட கட்டம்

கையுறை கேட்டுப் போனாலும் சரி, கத்தி கேட்டுப் போனாலும் சரி, எந்த நாளைக்கு என்று கேட்காமல் அவர் எதையும் எடுத்துத் தந்ததில்லை. "இப்பவே வேணும்க்கா" என்றால், "இப்பவே வேணும்னா நேத்தே கேட்டிருக்கணும்மே" என்பார். சொல்லும்போதே கை அலமாரிக்குப் போயிருக்கும். கேட்காமலும் அனுப்பமாட்டார், கொடுக்காமலும் அனுப்பமாட்டார்.

சித்தூருக்கு வெளியே வேலூர் ரோட்டில் இருந்த மாம்பழக்கூழ் தொழிற்சாலை அது. நாங்கள் ஜூஸ் ஃபேக்டரி என்போம். அங்கே பழம் பொறுக்கும் மேஜையில் நான் ஏழு சீசன் நின்றிருக்கிறேன். குடிபாலா பக்கம் எங்கள் ஊர். எட்டாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. அவர் ஃபேக்டரியின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர். முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் ஸ்டோர் அக்கா. சித்தூரின் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கழுத்தில் ஒன்றும் இருக்காது. இடது கையில் மட்டும் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச் ஒன்று, அவருடைய நைனா கட்டியிருந்தது.

எதையும் கடைசியிலிருந்து பார்ப்பார். அதுதான் அவர். நாமெல்லாம் அரிசி களைந்து, உலை வைத்து, வெந்ததும் சாப்பிடுவோம். அவர் எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று முதலில் கேட்டு, அங்கிருந்து பின்னால் வந்து, உலை வைக்கிற நேரத்தைக் கண்டுபிடிப்பார். கிறிஸ்துமஸுக்குத் துணி தைக்கக் கொடுக்கும்போது தையற்காரரிடம் என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்கமாட்டார். பட்டன் வைக்க எத்தனை நாள், வெட்ட எத்தனை நாள், உங்கள் கையில் இப்போது எத்தனை துணி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, "அப்படின்னா நான் கார்த்திகையிலயே குடுக்கணும்" என்று தானே சொல்லிவிடுவார். மேஜையில் எங்களோடு நின்ற சரோஜா ஒருநாள், "ஸ்டோர் அக்கா தும்மறதுக்கும் முந்தின நாளே சீட்டு எழுதி வெச்சுக்கும்" என்றாள். அக்கா காதிலும் அது விழுந்தது. "தும்மலுக்குக் கைக்குட்டை வேணும் இல்லமே? அது யார் ஸ்டாக்குல கீது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் மேனேஜர் நேர் எதிர். நல்ல மனிதர்தான். தெலுங்குக்காரர். எதைக் கேட்டாலும் "அயிபோதுந்தி" என்பார். ஆகிவிடும் என்று அர்த்தம். கயிறு இல்லை என்றாலும் அயிபோதுந்தி, கரண்டு இல்லை என்றாலும் அயிபோதுந்தி. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒரு வருஷம் கப்பலைத் தவறவிட்டோம்.

வெளிநாட்டுக்காரர்கள் பீப்பாய் பீப்பாயாகக் கூழ் கேட்க ஆரம்பித்த வருஷங்கள் அவை. சந்தை திறந்துவிட்டது என்று பேப்பரில் எழுதினார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெங்களூருக்கும் மெட்ராஸுக்கும் பஸ் ஏறினார்கள். ரோட்டோரம் எஸ்.டி.டி. பூத் வந்தது. அதுவரை வந்த பழத்தைக் கூழாக்கி, வாங்க வந்தவருக்கு விற்றுக்கொண்டிருந்த ஃபேக்டரிக்கு, இன்ன தேதியில் கப்பல் என்று கடுதாசி வந்தது. பீப்பாய்க்குள்ளே ஒரு பை வைத்து, அதில் கூழை நிரப்பி, மூடி போட்டு அனுப்ப வேண்டும். பழம் இருந்தது, பீப்பாய் இருந்தது, பையும் இருந்தது. மூடி போதவில்லை. மூடி பம்பாயிலிருந்து வர வேண்டும். அயிபோதுந்தி என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார். கப்பல் போய்விட்டது.

மேனேஜர் இரண்டு நாள் வருத்தப்பட்டார். அக்கா இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. மூடி தன் ஸ்டோரில் இருக்க வேண்டிய சாமான் என்று அவருக்குப் பட்டுவிட்டது. அப்புறம் ஒருநாள், திருப்பதி யூனிவர்சிட்டியில் படிக்கப் போகிறேன் என்றார். அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. தபாலில் பி.காம். முடித்து வைத்திருந்தார். வேலை பார்க்கிறவர்களுக்காகச் சனி, ஞாயிறு வகுப்பு நடந்தது. என்ன படிப்பு என்று கேட்டேன். ஒரு சாமானைச் செய்து முடிக்க, எது, எவ்வளவு, என்றைக்கு வேண்டும் என்று திட்டம் போடுகிற படிப்பு, கையிலிருக்கிற ஆளையும் மிஷினையும் சரக்கையும் அதற்குள் அடக்குகிற படிப்பு என்றார்.

"அதைத்தான் நீ பொறந்ததுலேர்ந்து பண்ணிகினு கீறியேக்கா" என்றேன்.

"நான் பண்றது எனக்குத் தெரியும்மே. அதுக்குப் பேர் கீது, முறை கீதுன்னு தெரியாம போச்சு" என்றார்.

முதல் நாள் வகுப்பில் ஒரு பையன் அவரை ஆயா வேலைக்கு வந்தவர் என்று நினைத்து, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னானாம். கொண்டுபோய் வைத்துவிட்டு முன் பெஞ்சில் உட்கார்ந்தாராம். பாடம் நடத்துகிறவர் உள்ளே வந்தபோது அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு வகுப்பு முழுக்க அவரை ஆன்ட்டி என்று கூப்பிட ஆரம்பித்தது. கணக்கில் பிள்ளைகள் அவருக்கு உதவி, ஃபேக்டரிக்குள்ளே என்ன நடக்கும் என்பதில் அவர் பிள்ளைகளுக்கு உதவி.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருவதில்லை என்று அவர்கள் பக்கம் பேச்சு எழுந்தது. எனக்குமே மனம் ஒப்பவில்லை. சாமி எந்தச் சாமியானால் என்ன, அதற்கென்று வைத்த நாளில் படிப்பு என்ன வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். திருப்பதியில் காலை ஆறு மணி ஆராதனை முடித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவதாகச் சொன்னார். அதற்காக நாலு மணி பஸ்ஸைப் பிடித்தார். சாமிக்கு நேரமில்லை என்று சொல்லக்கூடாது என்பதற்காக, சாமியிலிருந்தே பின்னால் எண்ணி எழுந்திருக்கிறார்.

அவரை நான் வெறுத்த பத்து நாளும் உண்டு. படிப்புக்காக ஒரு நிஜ ஃபேக்டரிக்குத் திட்டம் போட்டுக் காட்ட வேண்டுமாம். எங்கள் ஃபேக்டரியை எடுத்துக்கொண்டார். வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேஜையில் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஒரு பழத்தைப் பார்த்துப் பொறுக்க எத்தனை நொடி, ஒரு கூடை தீர எத்தனை நிமிஷம் என்று எழுதினார். ஆளைக் குறைக்கத்தான் இந்தக் கணக்கு என்று எல்லோரும் நினைத்தோம். "மூச்சையும் எண்ணிக்கோ" என்று சரோஜா சத்தமாகவே சொன்னாள். நான் அந்தப் பத்து நாளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பதினோராம் நாள் மேனேஜர் வந்து, கழுவுகிற தொட்டியில் இன்னும் இரண்டு பேரைப் போட்டார். நாங்கள் மெதுவாக வேலை செய்யவில்லை, தொட்டியிலிருந்து கூடை வரத்தான் நேரமாகிறது என்று அக்கா எழுதிக் கொடுத்திருந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு நானே போய், "கையுறை வேணும்க்கா, நாளைக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

ஸ்டோர் சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டினார். நாளுக்கு ஒரு கட்டம். கடைசிக் கட்டத்தில் கப்பல் படம். அங்கிருந்து பின்னால் வந்தால் துறைமுகத்துக்கு லாரி, அதற்கு முன் பீப்பாய் அடைப்பது, அதற்கு முன் கூழ் காய்ச்சுவது, அதற்கு முன் காய் ஷெட்டில் வைக்கோல் மேல் பழுக்க நாலு நாள், அதற்கும் முன்னால் தோட்டத்துக்காரர் காயோடு டிராக்டரில் வரும் நாள். யார் என்றைக்குக் காய் கொண்டுவரலாம் என்று டோக்கன் கொடுத்ததும் அந்த வருஷம்தான். அதற்கு முன்பெல்லாம் டிராக்டர்கள் ரோட்டில் மூன்று நாள் வரிசையில் நிற்கும். வெயிலில் காய் வெந்து, அடியில் ஒழுகிப் போகும். இந்த முறை டோக்கன் தேதிக்கு முந்தின நாள் பறித்தால் போதும்.

எனக்கும் ஒரு டோக்கன் வந்தது. எங்கள் மாமனார் காலம் வரை எங்கள் குடும்பத்துக்கு நிலம் கிடையாது. அரசாங்கம் கொடுத்த பட்டாவில் நானும் என் வீட்டுக்காரரும் நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த முப்பது தோத்தாபுரி மாமரம், அந்த வருஷம்தான் முதல் தடவையாக முழுதும் காய்த்திருந்தது. டோக்கனை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் தேதியைப் பார்த்தேன். ஆடிக் கிருத்திகை.

அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அவர் எழுந்து நடந்தால் மூன்று வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுக்கிறோம், மூன்றாம் வருஷம் நான் முடி கொடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டியிருந்தேன். முருகன் நடக்க வைத்தான். இது மூன்றாம் வருஷம். டோக்கனை விட்டால் அடுத்த முறை பன்னிரண்டு நாள் தள்ளி. ஆடிக்காற்றுக்கு அதுவரை மரத்தில் காய் நிற்காது.

டோக்கனை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். "அக்கா, இந்தத் தேதி வேணாம்."

"ஏன்மே? உன் காய் முத்தறதுக்கு அன்னிக்குதான் சரியா வருது."

"அன்னிக்கு ஆடிக் கிருத்திகைக்கா. நான் காவடிக்குப் போறேன்."

அவர் சார்ட்டைப் பார்த்தார். அந்தக் கட்டத்தில் பன்னிரண்டு டிராக்டர் என்று எழுதியிருந்தது. பிறகு மேஜை மேல் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அது அவர்கள் சபை அடித்த காலண்டர். தேதிக்குத் தேதி வசனம் இருக்கும், நட்சத்திரம் இருக்காது. எங்களோடு இத்தனை வருஷம் இருந்தவர், கிருத்திகை என்றால் தெரியாதவர் இல்லை. காலண்டரில் இல்லாததால் கட்டத்தில் வரவில்லை.

"மேஜையில யார் யார் போறீங்க?"

"யாரு போவலன்னு கேளுக்கா" என்றேன்.

மேஜையில் நின்ற பெண்கள், காய் இறக்குகிறவர்கள், பாதி டிராக்டர் டிரைவர்கள், எல்லோருமே எங்களைப் போல எல்லை ஓரத்துத் தமிழ்க்காரர்கள். எல்லோர் வீட்டிலும் காவடி. அக்கா எழுந்து நின்றார். வாட்சைப் பார்த்தார். கிருத்திகைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

மேனேஜரிடம் போனார். இந்தத் தடவை மேனேஜர் அயிபோதுந்தி சொல்லவில்லை. கப்பலை இன்னொரு முறை விட முடியாது என்றார். அன்றைக்கு வராதவர்கள் பிறகு வரவே வேண்டாம் என்று போர்டில் எழுதச் சொன்னார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.  வேலையும் வேண்டும், காயும் வேண்டும், முருகனுக்குச் சொன்ன சொல்லும் வேண்டும். மூன்றில் எதை விட? மனதுக்குள் முருகனைத்தான் கூப்பிட்டேன்.

அக்கா சாக்பீஸைக் கையில் எடுக்கவில்லை. "சார், தப்பு என் கட்டத்துல கீது. அவங்க சாமி மேல இல்ல. அதை நான் எழுத மாட்டேன்" என்று தமிழிலேயே சொன்னார். அந்த ஒரு நாளைத் தன்னிடம் விட்டுவிடச் சொன்னார். பன்னிரண்டு டிராக்டரும் இறங்காவிட்டால் ஸ்டோர் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். வெளியே வந்து என்னைப் பார்த்தார். "முந்தின நாள் பறிச்சு ஏத்தி வெச்சுட்டுப் போ. வண்டி ஓட்ட ஆள் நான் அனுப்பறேன். காவடிக்கு என்னென்ன வேணுமோ பாத்துக்கோ, கடைசி நேரத்துல ஓடாதே."

நாங்கள் அப்படியே செய்தோம். நம்பிக்கையோடு போனேன் என்று சொன்னால் பாதிதான் நிஜம். படியேறும்போது வாய் அரோகரா சொன்னது, மனம் டிராக்டரை நினைத்தது. அதற்கு முருகனிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். முடி இறக்கி, சந்தனம் பூசி, சன்னதியில் நின்றபோதுதான் அந்த நினைப்பு போனது.

மறுநாள் மொட்டைத் தலையோடு நேராக ஃபேக்டரிக்கு வந்தேன். ஷெட்டில் வைக்கோல் மேல் என் காய் பரப்பியிருந்தது. பக்கத்தில் ஒரு அட்டையில் என் வீட்டுக்காரர் பெயர். பன்னிரண்டு டிராக்டர் காயும் இருந்தது. சபையிலிருந்து பாதிரியாரின் மனைவி ஐயர் அம்மா முதல் பதினாலு பெண்கள் வந்து மேஜையில் நின்றார்களாம். திருப்பதியிலிருந்து ஆன்ட்டி ஆன்ட்டி என்று அந்தப் பிள்ளைகள் ஒன்பது பேர் பஸ் ஏறி வந்து காய் இறக்கினார்களாம். தண்ணீர் கொண்டுவரச் சொன்ன பையன்தான் நாள் முழுக்க எல்லோருக்கும் தண்ணீர் சுமந்தான் என்று வாட்ச்மேன் சொன்னார். என் டிராக்டரை ஓட்டி வந்தது அக்காவின் தங்கை வீட்டுக்காரர்.

அக்கா ஸ்டோரில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மணிக்கட்டு வரை சிவந்து, அங்கங்கே கொப்புளம். காம்பில் வடியும் மாம்பால் பட்டால் சுடும். கையுறையை எல்லாம் வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தான் வெறுங்கையோடு நின்றிருக்கிறார்.

"உனக்கு ஒண்ணு குறைஞ்சிடுச்சா அக்கா?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இருபத்து மூணு பேர் வருவாங்கன்னு கையுறை எடுத்து வெச்சேன். என்னை எண்ணல" என்றார். பிறகு, "எனக்கு இன்னா கொண்டாந்தே?" என்று கேட்டார்.

பிரசாதம் அவர் வாங்கமாட்டார், எனக்குத் தெரியும். அதை நீட்டி அவரைச் சங்கடப்படுத்த எனக்கு மனம் வராது. அதற்காகவே திருத்தணிக் கடைத்தெருவில் சாமிக்குக் காட்டாமல் தனியாகப் பொரியும் கடலையும் வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். "கடையில வாங்கினது, படைக்கல" என்றேன். அவர் என் மொட்டைத் தலையையும் பொட்டலத்தையும் பார்த்தார். கை எரிந்ததால் நான்தான் அள்ளி வாயில் போட்டேன். தின்றுகொண்டே சிரித்தார்.

அந்த வருஷம் கூழ் கப்பல் ஏறியது.

தான் போட்ட திட்டத்தைப் பற்றி யூனிவர்சிட்டியில் வெளியூர் வாத்தியார் ஒருவர் கேள்வி கேட்கும் நாள் வந்தபோது, அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நொடிக் கணக்கில் சந்தேகம் கேட்டால் பழம் பொறுக்கிய கையே சாட்சி என்றார். கிருத்திகை விஷயத்தை எழுதாதீர்கள், கணக்குத்தான் சரியாக வந்துவிட்டதே என்று முதலாளி சொல்லியிருந்தார். அக்கா முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டார். மார்க் குறைந்து, பாஸாகாமல் போனால் இரண்டு வருஷத்து நாலு மணி பஸ்ஸும் வீண்.

நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது. அந்த வாத்தியார் தெலுங்கில் கேட்டார், அக்கா தெலுங்கிலேயே பதில் சொன்னார். மிஷின் கெடும் நாளைக் கழித்தேன், கரண்டு போகும் நேரத்தைக் கழித்தேன், மழையைக்கூடக் கழித்தேன், மனுஷர் சாமி கும்பிடும் நாளைக் கழிக்கவில்லை, அதனால் இது தப்புத் திட்டம் என்றார். அப்படியென்றால் அடுத்த திட்டத்தில் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார். கேட்டுத் தெரிந்ததை எல்லாம் எழுதிவிட்டு, பத்து நாளுக்கு ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவேன் என்றார். எதற்காக என்று கேட்டார். எதற்கு என்று தெரிந்தால் காலியாக விடமாட்டேனே என்றார் அக்கா. உள்ளே யாரோ சிரித்தார்கள். வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும்.

நொடிக் கணக்கை யாரும் கேட்கவில்லை. பாஸ் என்று வாயாலேயே சொல்லி அனுப்பினார்கள்.

அவ்வளவு தூரம் வந்துவிட்டு ஊருக்குள் இருக்கிற பெருமாளையாவது பார்க்காமல் போக எனக்கு மனசில்லை. அக்கா வாட்சைப் பார்த்தார். சித்தூர் பஸ் இரண்டே காலுக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் நேரம் போக எனக்கு நாற்பது நிமிஷம் என்றார். என் செருப்பையும் பையையும் வாங்கி வைத்துக்கொண்டு எதிரே ஒரு பூக்கடை நிழலில் நின்றார்.

உள்ளே போனால் நைவேத்தியத்துக்குத் திரை போட்டிருந்தார்கள். வரிசை அசையவில்லை. வெளியே ஓடிவந்து சொல்லவும் முடியவில்லை, பெருமாளைப் பார்க்காமல் திரும்பவும் முடியவில்லை. திரை விலகி, கண்ணாரக் கும்பிட்டு, நான் வெளியே வந்தபோது கடை நிழல் தெருவின் பாதி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு பஸ் இல்லை, இரண்டு பஸ் போயிருந்தது. எனக்குத் தெரிந்து அக்கா ஒரு பஸ்ஸையும் விட்டதில்லை. பயந்துகொண்டே கிட்டே போனேன். என் செருப்பைக் கீழே வைத்து, நான் காலை நுழைக்க வசதியாகத் திருப்பிப் போட்டார்.

"கோச்சுக்காதேக்கா, திரை போட்டுட்டாங்க" என்றேன்.

"நான் எதுக்குக் கோச்சுக்கறேன்? நீயும் உன் சாமியும் எத்தனை நேரம் பேசுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் சாயங்காலத்தையே காலியா விட்டுட்டுத்தான் வந்தேன்."

"அப்புறம் எதுக்கு நாப்பது நிமிஷம்னு சொன்னே?"

"அது உனக்குச் சொன்னதுமே" என்றார். "இல்லன்னா நீ நாளைக்குத்தான் வெளிய வருவே."